எங்கள் கிணற்றில் சிவப்புத் தண்ணீர்

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சொல்லத்தானே கூடாது, எழுதலாம் அல்லவா? அவர் பெயர் மருதாசலம். சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே விவசாயம் பார்த்து, அங்கேயே கண்ணை மூடினார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் முக்கால்வாசி ஆறிவிட்டது. மிச்சம் இருக்கிற கால்வாசியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மனிதர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், அடுத்தவன் வரப்பில் ஒரு சாண் வெட்ட மாட்டார். ஆனால் சந்தேகம் என்ற ஒன்று அவர் ரத்தத்தோடு சேர்ந்து ஓடியது. நான் கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் கோழி முட்டையிட்ட கூடையைப் பார்த்தால், ஒவ்வொரு முட்டையிலும் கரியால் ஒரு கோடு. "இது என்னங்க அத்தை?" என்று மாமியாரைக் கேட்டேன். என் மாமியார் கண்ணாத்தாள் சிரிக்காமலே பதில் சொன்னார்.

"உங்க மாமன் போட்ட கோடு சாமி. யாராச்சும் பெரிய முட்டைய எடுத்துட்டுச் சின்ன முட்டைய வெச்சுருவாங்களாம்."

ரேடியோவில் மழை வரும் என்று சொன்னால், "அது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்பார். டாக்டர் ஊசி போட்டுவிட்டால், அதற்குள் மருந்து இருந்ததா என்று கம்பவுண்டரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார். பழகிவிட்டால் சிரிப்பு வரும். பழகும் வரைக்கும் அழுகைதான் வந்தது.

இந்தச் சந்தேகத்துக்குத் தலைமையிடம் எங்கள் கிணறு. தினமும் காலையில் எழுந்ததும் கல் கட்டிய கயிறு ஒன்றைக் கிணற்றுக்குள் விட்டு, தண்ணீர் எந்த முடிச்சு வரை நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் பல்லே விளக்குவார். குறைந்திருந்தால் அன்று முழுக்க எங்கள் எல்லோரையும் ஒரு மாதிரி பார்ப்பார். நாங்கள் என்னவோ வாயை வைத்து உறிஞ்சிவிட்டது போல.

மாமனாருக்கு ராசப்பன் என்று ஒரே ஒரு தம்பி. பாகம் பிரித்தபோது கிணற்றைச் சுற்றியிருந்த தோட்டம் மாமனாருக்கும், மேற்கே ஏறிப் போகிற மேட்டுக்காடு தம்பிக்கும் வந்தது. கிணறு இருவருக்கும் பொது. வாரத்தில் ஒரு பகல் தம்பி முறை. ராசப்பன் சங்ககிரியில் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப்போனால் திரும்பிவர நாள் கணக்காகும். ஆகவே காட்டைப் பார்த்துக்கொண்டது அவர் மனைவி சௌந்திரம். நான் அவரைச் சின்னத்தை என்று கூப்பிடுவேன், மாமனார் பாசமாக அம்மணி என்பார். பேச்சு குறைவு, வேலை அதிகம், முகத்தில் எப்போதும் ஒரு வீம்பு. எனக்கு அவரை முதல் நாளிலிருந்தே பிடித்துப்போயிற்று.

நான் வந்த அடுத்த வருஷம், 1977 கோடையில், அந்த வினை நடந்தது. அப்போது கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போன கரண்ட் திரும்பி வந்தால் மோட்டார் தானாக ஓட வேண்டும் என்று ஸ்டார்ட்டர் பித்தானில் ஒரு மரக்குச்சியைச் செருகி வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வேலை. எங்கள் ஸ்டார்ட்டரில் குச்சியைச் செருகி வைத்தவர் என் மாமனாரேதான்.

அன்று சின்னத்தையின் முறை. மத்தியானம் கரண்ட் போய்விட்டது. பொழுது சாயும் வரை காத்திருந்துவிட்டு, இனி வராது என்று அவர் வீட்டுக்குப் போய்விட்டார். வாய்க்காலைத் திருப்பிவிட மறந்துபோனார். எல்லோரும் தூங்கிய பிறகு கரண்ட் வந்தது, குச்சி தன் வேலையைச் செய்தது, மோட்டார் விடிய விடிய ஓடியது. காலையில் மாமனார் கயிற்றை விட்டால் கல் தரையில் போய் இடித்தது. மேட்டுக்காட்டில் தண்ணீர் தளும்பி நின்றது.

வேறு யாராக இருந்தாலும் குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். இவர் தெருவில் நின்று சத்தம் போட்டார்.

"முறைய மீறித் தண்ணி திருடற அளவுக்கு வந்தாச்சா?"

"கரண்ட் வந்து தானா ஓடியிருக்குதுங்க மாமா. குச்சி நீங்க வெச்சதுதானுங்களே" என்றார் சின்னத்தை.

"குச்சி என்னுதுதான். வாய்க்கால உன்ற பக்கம் திருப்பி வெச்சது யாரு?"

ஊரே வேடிக்கை பார்த்தது. சின்னத்தை அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "திருடீன்னு பேரு வாங்கிட்டு அந்தத் தண்ணியில நான் வெள்ளாம பண்ணோணுமா? இனி உங்க கெணத்துத் தண்ணி ஒரு சொட்டு என்ற காட்டுல உழுகாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு விட்டிருக்கலாம். மாமனாருக்கு ரோஷம் தாங்கவில்லை. கருப்பணார் கோயிலுக்கு ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய், எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். "அவ ஊட்டுத் தண்ணி ஒரு சொட்டு எனக்கு ஆகாது. அத நான் தொட்டா என்ற வம்சம் வெளங்காம போகட்டும்."

எங்கள் பக்கத்தில் பகை வந்தால், அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன், பச்சைத் தண்ணீர் தொட மாட்டேன் என்று சொல்வது சகஜம். வம்சத்தை இழுப்பது சகஜம் இல்லை. அந்த வம்சம் என்பது யார்? அவருக்கு ஒரே மகன், என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி. அப்படியானால் அந்த வம்சம் என் வயிறுதான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதைக் கொண்டுபோய்க் கோயிலில் அடமானம் வைத்துவிட்டு வந்தார். இதை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

ராசப்பன் சின்ன மாமனார் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தார். யாரும் இறங்கி வரவில்லை. அடுத்த வருஷம் தருமபுரிக்கு அப்பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து, வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். மாமனார் தம்பி பிணத்துக்கு மாலை போட வந்தார். வந்தவர் அந்த வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் கால் கழுவாமல் திரும்பினார். வந்து எங்கள் கட்டுத்தறியில் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததை என் மாமியார் பார்த்தார். அண்ணன் தம்பி பாசம் இருந்தது. சந்தேகம் அதைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

புருஷனும் போய், கிணற்று முறையும் போன பிறகு சின்னத்தைக்கு வானம்தான் கதி. மேட்டுக்காடு செம்மண் பூமி. ஆடியில் கடலைக்கொட்டை விதைத்தால் நன்றாக முளைக்கும், பூக்கும். பூ விழுதாகி மண்ணுக்குள் இறங்குகிற சமயம் பார்த்து ஆவணியில் மழை நின்றுகொள்ளும். மண் இறுகிப்போனால் விழுது இறங்காது. அந்தச் சமயத்தில் ஒரே ஒரு தண்ணீர் கிடைத்தால் போதும், செடி பிழைத்துக்கொள்ளும். அதற்கு உயிர்த்தண்ணீர் என்று பெயர்.

அந்த ஒரு தண்ணீருக்காகச் சின்னத்தை ஒரு குட்டை வெட்டினார். காட்டின் தாழ்ந்த மூலையில், எங்கள் வேலியை ஒட்டி, கோடை முழுக்க ஆள் வைத்துத் தானும் கூடச் சேர்ந்து மண் சுமந்தார். தரையில் தண்ணீர் இறங்காமல் இருக்க வேண்டும் என்று, மேச்சேரியிலிருந்து செம்மறி ஓட்டி வந்தவர்களைக் கேட்டு, ஆட்டுப்பட்டியைக் குட்டைக்குள்ளேயே போடச் செய்தார். ஆடுகள் மிதித்து மிதித்து அடிமண் கெட்டியாயிற்று. வைகாசி இடிமழையில் காட்டில் ஓடிய தண்ணீரெல்லாம் வந்து குட்டை நிரம்பி, செக்கச் செவேலென்று நின்றது.

மாமனாருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"நம்ம காட்டுக்கு வர்ற மழைத்தண்ணிய மறிச்சுட்டா பாத்தியா?" என்று மணியக்காரரைக் கூட்டிவந்தார். மணியக்காரர் குட்டையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "ஏனுங்க, மழை உங்க பேர்ல கெரயம் ஆயிருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார்.

ஆவணியில் மழை நின்றதும் சின்னத்தையும் கூலிக்கு வரும் சின்னாயியும் எதிரெதிரே நின்று இறைகூடையை வீசி, குட்டைத் தண்ணீரைக் கடலைக் காட்டுக்கு ஏற்றினார்கள். எட்டாத மேட்டுச் சால்களுக்குக் குடத்தில் கொண்டுபோய் ஊற்றினார்கள். அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் மானாவாரிக் கடலை தேறியது அவர் காட்டில் மட்டும்தான். மாமனார் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "இதுல ஏதோ சூது இருக்குது" என்றார்.

இந்த வருஷங்களில் எனக்கு இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் கலைந்தது. நான் அழுது முடித்து எழுந்து வேலையைப் பார்த்தேன். மாமனார் ஒன்றும் கேட்கவில்லை.

1982-இல் நான் மறுபடி உண்டானேன். அந்த வருஷம் வைகாசி இடிமழைக்கு அப்புறம் மழை அடியோடு ஏமாற்றிவிட்டது. ஆவணி பிறப்பதற்குள் ஊரில் ஒவ்வொரு கிணறாக வற்றியது. மஞ்சள் போட்டவர்கள் எல்லாம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். எங்கள் கிணறு மட்டும் வற்றவில்லை. குறைந்தது, ஆனால் ஒரு மட்டத்தில் நின்றுகொண்டது. சாயந்திரம் இறைத்தால் காலையில் ஊறியிருந்தது. எங்கள் மஞ்சள் பச்சைப் பசேலென்று நின்றது.

ஊரில் எவனாக இருந்தாலும் சந்தோஷப்படுவான். என் மாமனார் சந்தேகப்பட்டார்.

"எல்லார் கெணறும் காஞ்சு கெடக்குது. நம்முளுதுல மட்டும் எங்கிருந்து வருது?"

"கருப்பணார் குடுக்கறாருன்னு வெச்சுக்கங்களேன்" என்றார் என் மாமியார்.

"அவரு எதுக்கு நமக்கு மட்டும் குடுக்கறாரு?"

ஆவணி நடுவில் ஒரு சாயந்திரம் மேட்டுக்காட்டின் மேல் மட்டும் ஒரு இடிமழை கொட்டிவிட்டு ஓடியது. எங்கள் தோட்டத்தில் தூறல்கூட இல்லை. மறுநாள் காலையில் கயிற்றை விட்ட மாமனார் நெடுநேரம் கிணற்றையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படியில் இறங்கினார். நானும் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் குறைந்திருந்ததால் மேற்குப் பக்கத்துப் பாறை வெளியே தெரிந்தது. அதில் ஒரு வெடிப்பு. வெடிப்பிலிருந்து தண்ணீர் கசிந்து பாறையில் வழிந்தது. எங்கள் தோட்டத்து மண் வெளுத்த சுண்ணாம்பு மண். வழிந்த தண்ணீரோ சிவப்பாக இருந்தது.

மேற்கே, வேலிக்கு அந்தப் பக்கம், சின்னத்தையின் செம்மண் குட்டை. நேற்றைய மழையில் கலங்கி நிற்கிற குட்டை. ஆடுகள் அடித்தரையை மிதித்தன, பக்கத்துப் பாறையில் இருந்த வெடிப்பை அவை என்ன செய்யும்?

மாமனார் மேலே ஏறி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. நேராக வேலியைத் தாண்டிக் குட்டைக்கரைக்குப் போனார். அத்தனை வருஷம் கழித்து அன்றுதான் அந்த மண்ணை மிதித்தார். என்ன ஆகுமோ என்று நானும் பின்னால் ஓடினேன்.

"வேணும்னே பண்ணியிருக்கற" என்று கத்தினார். "என்ற சத்தியத்த ஒடைக்கோணும்னு, என்ற வம்சம் அழியோணும்னு, என்ற கெணத்துக்கு மேல பாத்துக் குட்டை வெட்டியிருக்கற!"

சின்னத்தைக்கு முதலில் புரியவில்லை. நான்தான் சிவப்புத் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். அவர் குட்டையைப் பார்த்தார், எங்கள் கிணற்றைப் பார்த்தார். பிறகு கரையில் இருந்த முள்வேலியைக் காட்டினார்.

"நான் இத எதுக்குப் போட்டேன் தெரியுங்களா? தண்ணி மளமளன்னு கொறையுது. நீங்கதான் பொழுது போனதுக்கப்புறம் ரப்பர் குழாய் போட்டு இழுக்கறீங்கன்னு நெனச்சேன். நெனச்சது தப்பில்லீங்க மாமா. இத்தன வருஷமா உங்க மஞ்சள் என்ற தண்ணியிலதான் வெளஞ்சிருக்குது. இப்ப சொல்லுங்க, திருடுனது யாரு?"

மாமனார் திரும்பி நடந்தார். எனக்கு உள்ளுக்குள் கும்மாளமாகத்தான் இருந்தது. அந்தக் கும்மாளம் வீடு போய்ச் சேரும் வரைதான் நிலைத்தது.

அவர் மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கினார். கிணற்றுப் படியில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார். இனி அந்தத் தண்ணீர் குடிக்கவும் கூடாது, மஞ்சளுக்கும் பாயக் கூடாது.

"மழைத்தண்ணிங்க மாமா அது. வானத்துல இருந்து வந்தது" என்றேன்.

"அவ புடிச்சு வெச்சா அவ தண்ணிதான்" என்றார். மணியக்காரரிடம் அதே மழை தன்னுடையது என்று வாதாடிய அதே வாய்.

பிறகு என் வயிற்றைப் பார்த்தார். முதல் முறையாக அவர் கண்ணில் சந்தேகம் இல்லை, பயம் இருந்தது. "ரெண்டு போனதும் இதனாலதான் சாமி. குட்டை வெட்டினதுக்கு அப்புறந்தானே போச்சு? எனக்குத் தெரியாம போச்சே" என்று முணுமுணுத்தார். ஒரு வார்த்தை விசாரிக்காத மனிதர், மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். இரண்டையும் மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

கோயில் பூசாரி காளியப்பன் ஒரு வழி சொன்னார். சத்தியத்தை அவிழ்க்கலாம். யாரைக் குறித்துச் சத்தியம் செய்தோமோ அவர் அதே இடத்துக்கு வந்து, தன் கையால் தண்ணீர் கொடுத்து, இவர் வாங்கிக் குடிக்க வேண்டும். சின்னத்தையைக் கேட்கப் போனது நான்.

"வாரேன் கண்ணு. உன்ற வயித்துக்காக வாரேன்" என்றார். பிறகு, "ஆனா அவரு சத்தியத்த அவுத்துட்டு அவரு பாட்டுக்குப் போயிருவாரு. நான் சாகற வரைக்கும் திருடியாவே இருக்கோணுமா? அன்னைக்கு ஊரைக் கூட்டிச் சொன்னாரல்ல, இன்னைக்கும் ஊரைக் கூட்டி, நான் திருடலைன்னு சொல்லோணும். சொன்னாத்தான் சொம்பு என்ற கையில இருந்து வரும்" என்றார்.

மாமனாரிடம் சொன்னேன். "அவ அன்னைக்குத் திருடுனாளா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?" என்றார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். தெரியாததைத் தெரியும் என்று சாமி முன்னால் எப்படிச் சொல்வது என்பது அவர் கஷ்டம். என் கஷ்டம், ஐந்து மாத வயிற்றோடு பஞ்சாயத்துக் குழாயில் வரிசையில் நின்று, தோட்டம் வரைக்கும் குடம் சுமப்பது. மஞ்சள் இலை நுனியில் கருகத் தொடங்கியது. மேட்டுக்காட்டில் சின்னத்தையின் கடலையும் வாடியது. குட்டையில் மிச்சம் இருந்த தண்ணீர் ஒரு சுற்றுக்குக்கூடப் போதவில்லை. முள் போட்டு அடைத்த கிணற்றிலோ இரண்டு காட்டுக்கும் ஆகிற தண்ணீர் ஊறி ஊறிச் சும்மா நின்றது. எனக்கு அந்த முள்ளை அப்படியே கொளுத்திவிடலாம் போல இருந்தது.

ஒரு மத்தியானம் வழியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. குடம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கண் விழித்தபோது மாமனார் என்னை மடியில் கிடத்தி, துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"ரத்தம் கித்தம் போச்சா சாமி?" என்று கேட்டார். மாமனார் மருமகளிடம் கேட்கிற கேள்வியா அது?

"இல்லீங்க மாமா."

"நெசமாத்தானா?"

"நெசமாத்தானுங்க."

நம்பினார். நான் சொன்ன ஒன்றை அவர் நம்பியது அதுதான் முதல் முறை. மறுநாளே கோயிலுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்.

மிச்சத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோயிலில் நடந்ததற்கு அப்புறம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. சின்னத்தை தன் கிணற்று முறையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கடலை பிழைத்தது. மஞ்சளில் பாதி தேறியது. மார்கழியில் என் மகள் பிறந்தாள். கருப்பணார் கொடுத்தார் என்று மாமனார் சொல்வார். ஆஸ்பத்திரி நர்சம்மா படாத பாடு பட்டார் என்று நான் சொல்வேன். குட்டையின் வெடிப்பை யாரும் அடைக்கவில்லை.

கோயிலில் ஊரே கூடியிருந்தது. சத்தியம் செய்த அன்று இருந்த பெரியவர்களில் மிச்சம் இருந்தவர்களும் வந்திருந்தார்கள். சின்னத்தை குட்டைத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு, சேலைத் தலைப்பால் மூடி எடுத்து வந்திருந்தார். பூசாரி சூடம் ஏற்றினார். "சொல்லுங்க" என்றார்.

மாமனார் தொண்டையைச் செருமினார். தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்றார் சின்னத்தை.

"அவ திருடலைன்னு சொன்னேன்."

"சத்தமாச் சொல்லுங்க மாமா." சின்னத்தையின் குரல் அன்றுதான் உடைந்து கேட்டேன். "நீங்க திருடீன்னு சொன்னது ஊரெல்லாம் கேட்டுது. என்ற ஊட்டுக்காரரு வண்டியில இருந்து எறங்கறப்பவே நாலு பேரு சொல்லித்தான் கேட்டாரு. அதையே நெனச்சுட்டுத்தான் போனாரு. நீங்க இப்பச் சொல்றது அவரு காதுல உழுகோணும்."

மாமனார் நிமிர்ந்தார். எங்களில் யாரையும் பார்க்கவில்லை. கோயிலுக்கு வெளியே, வடக்கே ரோடு போகிற திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ராசப்பா! உன்ற பொண்டாட்டி திருடலடா. குச்சி வெச்சது நாந்தான்டா. இத்தன வருஷம் அவ தண்ணியத் தின்னதும் நாந்தான்டா. உன்ற ஊட்டுல ஒரு வா தண்ணி குடிக்காம உன்னய அனுப்பிச்சுட்டனேடா!"

தம்பியின் பெயரை அவர் வாயால் கேட்டு நான்கு வருஷம் ஆகியிருந்தது. வயதான அந்த மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். சின்னத்தையும் அழுதார். அழுதுகொண்டே தலைப்பை விலக்கிச் சொம்பை நீட்டினார்.

மாமனார் இரண்டு கையாலும் வாங்கி அண்ணாந்து குடித்தார். தண்ணீர் மீசையிலும் நெஞ்சிலும் சிவப்பாக வழிந்தது. குடித்து முடித்து, காலிச் சொம்பைத் திரும்ப நீட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்து அம்மணி" என்றார்.